கற்றல் விளைவை எழுதுவது யார்?

ஒரு பாடத்தைப் படித்து முடிக்கும் மாணவர் எதை அறிந்திருக்க வேண்டும், அதை எவ்வாறு அளப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? ஒன்பது பாடங்களுக்கான கற்றல் விளைவு அடிப்படையிலான பாடத்திட்ட வரைவைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஆகஸ்டில் வெளியிட்டபோது எழுந்த சர்ச்சையின் அடியில் இருப்பது இக்கேள்விதான். வேதியியல் வரைவின் தொடக்கத்தில் இருந்த சரஸ்வதி வணக்கம் பெரிதும் பேசப்பட்டது. கணித வரைவில் அடிப்படைப் பாடங்களுக்குப் போதிய இடமில்லை என்று நூற்றுக்கணக்கான கணிதவியலாளர்கள் தெரிவித்த ஆட்சேபத்துக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

விளைவுகளை முன்கூட்டியே எழுதி வைப்பதில் தவறில்லை. நூல் பட்டியலையும் பழைய வினாத்தாள்களையும் மட்டுமே நம்பித் தேர்வெழுதிய மாணவருக்கு அது நன்மையே. பொறியியலில் அது வேரூன்றியதற்குக் காரணமும் உண்டு. 2014-இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா நிரந்தர உறுப்பினரானது. பட்டதாரி என்ன செய்ய வல்லவர் என்பதைக் காட்டியாக வேண்டும். பாலத்தின் சுமையைக் கணக்கிடத் தெரியுமா என்று சோதித்துவிடலாம். இலக்கியத்தையும் வரலாற்றையும் அப்படி அளப்பது எளிதல்ல.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் அனுபவம் இதில் பாடமாக வேண்டும். 2011-இல் பருவமுறை, 2013-இல் நான்காண்டுப் படிப்பு, மறு ஆண்டே அது ரத்து, 2015-இல் விருப்பத் தெரிவு முறை, 2019-இல் கற்றல் விளைவு முறை, 2022-இல் மீண்டும் நான்காண்டுப் படிப்பு. ஒன்றின் பலனை அளப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

2021 ஆகஸ்டில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்பின் பெண் எழுத்து பற்றிய தாளிலிருந்து பாமா, சுகிர்தராணி, மகாசுவேதா தேவி ஆகியோரின் படைப்புகள் நீக்கப்பட்டன. தேர்ந்தெடுத்தவர்கள் துறை ஆசிரியர்கள். நீக்கியது மேற்பார்வைக் குழு. கல்விப் பேரவை உறுப்பினர்கள் சிலர் எதிர்ப்பைப் பதிவு செய்தும் பயனில்லை. சாதியையும் பாலினத்தையும் சேர்த்து வாசிக்கப் பழக்குவது அத்தகைய தாளின் இயல்பான நோக்கம். அதற்கு உயிரூட்டும் நூல்களை எடுத்துவிட்டு விளைவுகளை மட்டும் எழுதி வைத்தால் யாருக்கு லாபம்?

மதிப்பீட்டின் நிலை இதைவிட மோசம். ஆய்வு செய்வார், ஒப்பிடுவார், விமர்சிப்பார் என்று விளைவுப் பட்டியல் வினைச்சொற்களை அடுக்குகிறது. 2019-இல் அதே பல்கலைக்கழகத்தில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், உள்மதிப்பீட்டுக்கு 25. அந்த 25-இல் 5 வருகைப்பதிவுக்கு. விமர்சிப்பதற்குத் தனி மதிப்பெண் இல்லை. வகுப்பில் அமர்ந்திருந்ததற்கு உண்டு!

இவை நெகிழ்வான வழிகாட்டிகள்தாமே என்று மானியக் குழுத் தரப்பு வாதிடக்கூடும். ஆனால், விளைவுகள் வகுக்கப்பட்டனவா, எட்டப்பட்டனவா என்பதற்கு 'நாக்' தரமதிப்பீட்டில் மதிப்பெண் உண்டு. தர வரிசைக்கு அஞ்சும் கல்லூரி, மேலிருந்து வந்த வாசகத்தை அப்படியே படியெடுப்பதையே பாதுகாப்பு எனக் கருதும்.

உயர்கல்வித் தரத்தை ஒருங்கிணைப்பதும் நிர்ணயிப்பதும் அரசியல் சாசனப்படி மத்திய அரசின் அதிகாரம்; அதை மறுப்பாரில்லை. ஆனால் தரம் வேறு, பாடநூல் தேர்வு வேறு. குறைந்தபட்சத் தகுதியையும் பாட மணி நேரத்தையும் வகுப்பதோடு மானியக் குழு நின்றுகொண்டு, விளைவு, நூல், வினாத்தாள் மூன்றையும் அந்தந்தத் துறையின் பாடக்குழுவிடமே ஒப்படைக்க வேண்டும். பாடக்குழு எடுக்கும் முடிவை மேலுள்ள குழு மாற்ற நேர்ந்தால், அதற்கான காரணத்தை எழுத்துமூலம் வெளியிடுவதையும் கட்டாயமாக்க வேண்டும்.