டிரைவர் சொன்னதை யார் கேட்டது?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கொழுந்து லொறி, சென்ற மாதம் ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு இறங்கி, ஹெவ்லொக் டவுனில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கும் கராஜுக்கு வந்தது. இஞ்சின் மிஸ் அடிக்கிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை, சும்மா ஓடவிட்டால் உதறுகிறது. இதுதான் முறைப்பாடு.

இதைச் சரிசெய்யத் தோட்டத்தில் ஏற்கெனவே நான்கு நொசிலையும் மாற்றியிருந்தார்கள். பம்பையும் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பிப் பூட்டியிருந்தார்கள். பெரிய பணம் போனது, குறை போகவில்லை. கடைசியில் "டிரைவர் ஓட்டுகிற முறை சரியில்லை" என்று பழி டிரைவர் மேல் விழுந்தது.

கராஜில் குறையைக் கண்டுபிடித்தவர் நமது பிள்ளை ஒருவர். பொகவந்தலாவைப் பக்கம் லயத்தில் பிறந்து, நான்கு வருடமாக அந்தக் கராஜில் கை கறுக்க வேலை செய்கிறவர். அவர் முதலில் ஸ்பெனரை எடுக்கவில்லை. டிரைவரிடம் பேசினார்.

"எப்பண்ணே மிஸ் பண்ணுது? காலையிலயேவா?"

"இல்ல தம்பி. டேங்க் நெறைய இருந்தா ஒண்ணும் இல்ல. பாதிக்குக் கீழ எறங்கினா, மேட்டுல ஏறையில வந்துரும். ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது. இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நொசிலுக்குப் போகும் பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்திப் பார்த்தார். தளர்த்தும்போது இஞ்சின் சத்தம் இறங்கினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். சத்தம் மாறாவிட்டால் அதுதான் செத்த சிலிண்டர். இந்த லொறியில் நான்கிலும் சத்தம் இறங்கியது. ஆக, குறை ஒரு சிலிண்டரில் இல்லை, நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. அந்தப் பொதுவான இடம், டீசல் வரும் வழி.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பூட்டினார். டீசலோடு குமிழி குமிழியாகக் காற்று வந்தது. டேங்குப் பக்கத்து ரப்பர் குழாயில் மயிரளவு வெடிப்பு. உறிஞ்சும் பக்கத்தில் வெடித்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. டேங்க் குறையக் குறைய பம்ப் அதிகமாக இழுக்க வேண்டும், அப்போது காற்றும் அதிகமாகப் போகும். டிரைவர் இரண்டு மாதமாகச் சொல்லிவந்தது இதைத்தான். ஒரு துண்டுக் குழாயும் இரண்டு கிளிப்பும் போட்டுக் காற்றை எடுத்துவிட்டதும் லொறி சரியானது.

இந்தக் கதையை நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து லொறி மிஸ் அடித்தால் அது துரையின் செலவு, நமக்கென்ன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. லொறி பிந்தினால் பறித்த கொழுந்து சாக்கில் கிடந்து சூடேறிச் சிவக்கிறது. கொழுந்து மட்டம் என்ற பேச்சு பெண்களின் காதில்தான் விழுகிறது. நிறுவை முடிந்தும் மழையில் நிற்பவர்களும் அவர்கள்தான்.

இன்னொன்று உயிர்ப் பிரச்சினை. பல லொறிகளில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமோ காற்றோ இஞ்சின் ஓடினால்தான் உண்டாகிறது. இறக்கத்தில் இஞ்சின் நின்றால், சேமிப்பில் உள்ளது தீர்ந்ததும் பிரேக் மிதி கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் இறுகிவிடும். நமது பாதைகளின் வளைவுகள் எப்படிப்பட்டவை என்று யாருக்கும் நாம் சொல்ல வேண்டியதில்லை. அவசரத்துக்கு நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றிப் போவது இதே லொறிதான். ஆகவே "கொஞ்சம் மிஸ் அடிக்குது, ஓட்டு பார்ப்போம்" என்பது சின்ன விஷயம் அல்ல.

நமது டிரைவர்மாருக்கு ஒன்று சொல்கிறோம். நீங்கள் பார்ப்பதை எழுதி வையுங்கள். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். ஏயார் கிளீனரை முதலில் பாருங்கள். நீலப் புகை என்றால் இஞ்சின் ஒயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் எரியாமல் போகிறது அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்று பீப்பாவிலும் கேனிலும் சேர்த்த காலத்தில், டீசலோடு தண்ணீரும் துருவும் டேங்குக்குள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பைப்பைத் தளர்த்திப் பார்க்கும் வேலை பழைய பம்ப் இஞ்சினுக்கு மட்டும், அதுவும் தெரிந்தவர் கையால், கண்ணாடி அணிந்துதான். புதிய கொமன் ரெயில் இஞ்சினில் ஒருபோதும் செய்யக்கூடாது. அதில் டீசலின் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் போகும். தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும், கையையே இழக்க நேரிடலாம்.

அந்தப் பிள்ளை செய்த சோதனையில் நமது சங்க வேலைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருந்தால் அந்தச் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். எல்லாம் மாறி மாறித் தடுமாறினால் வரும் வழியைப் பார்க்க வேண்டும். மலையிலும் அப்படித்தான். ஒருவருக்கு மட்டும் கிலோ குறைந்தால் அவரிடம் விசாரிக்கலாம். மலை முழுவதும் எல்லோருக்கும் குறைந்தால் உரத்தையும் கவ்வாத்தையும் புல்லையும் பார்க்க வேண்டும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து கொழுந்து குறைந்தபோது, பல இடங்களில் கேள்வி கேட்கப்பட்டது கொழுந்து பறித்தவரிடம்தான். நொசிலை மாற்றிய அதே புத்திதான் இது.

இனி நமது சங்கங்களின் குறையையும் சொல்ல வேண்டும். நான்கு வருடம் வேலை செய்த அந்தப் பிள்ளைக்கு நியமனக் கடிதம் இல்லை. சேமலாப நிதி இல்லை. நாள் சம்பளமும் பகல் சாப்பாடும்தான். பில்லில் முதலாளியின் பெயர் இருந்தது, குறையைக் கண்டவரின் பெயர் எங்கும் இல்லை. தோட்டத்தில் அவருடைய அம்மாவின் சம்பளத்தில் சந்தா பிடிக்கும் சங்கத்துக்கு, மகன் அவிசாவளையைத் தாண்டியதும் முகவரி மறந்துவிடுகிறது.

இன்று ஹெவ்லொக் வீதியில் உயர்ந்த மாடிக் குடியிருப்புகள் நிற்கும் காணியில் ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933இல் அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுடைய சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். ஆலையில் தொழிலாளர் பலர் ஒரே இடத்தில் வேலை செய்தார்கள், அதனால் சங்கம் கூடியது. இன்று நமது பிள்ளைகள் கராஜுக்கு இருவர், கடைக்கு மூவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். சிதறிக் கிடப்பவர்களுக்கும் சட்டம் ஒன்றுதான்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சேமலாப நிதிச் சட்டப்படி, ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும், அவர் பயிலுநராக இருந்தாலும், முதல் நாளிலிருந்து நிதி கட்ட வேண்டும். தொழிலாளியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அதற்கு மேல் முதலாளி நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முறைப்பாடு செய்யும் தொழில் திணைக்களம் ஹெவ்லொக் டவுனிலிருந்து சிறிது தூரத்தில் நாரஹேன்பிட்டியில்தான் இருக்கிறது. வேலையில் கற்ற திறமையைப் பரீட்சித்து, பாடசாலைச் சான்றிதழ் இல்லாதவருக்கும் என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் முறையும் இருக்கிறது. நைட்டா அலுவலகத்தில் விசாரிக்கலாம். காதால் கேட்டே இஞ்சினின் குறையைச் சொல்லும் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் கிடைத்தால் சம்பளம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 16 வயதுக்குள் பிள்ளையைக் கராஜுக்கு அனுப்புவது சட்டப்படி குற்றம் மட்டுமல்ல, அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயமும்கூட. படிப்பை முடித்துவிட்டுப் போகட்டும்.

நமது கோரிக்கைகள் மூன்று. தோட்டத்து வாகனம் ஒவ்வொன்றுக்கும் டிரைவர் எழுதும் முறைப்பாட்டுப் புத்தகம் வேண்டும், நிர்வாகம் அதில் பதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். குறை எழுதப்பட்ட வண்டியில், அது திருத்தப்படும்வரை ஆட்களை ஏற்றக்கூடாது. கொழும்பில் வேலை செய்யும் நமது பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தயாரித்துத் தர வேண்டும்.

மூன்றாவது கோரிக்கை நிர்வாகத்திடம் அல்ல, நம்மிடமே. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் லயத்திலிருந்து கொழும்புக்குப் போனவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.