மலைக்கும் பாசனம் வேண்டும்

'அணைகள் நிரம்பினால் வேளாண்மை செழிக்கும். மலையில் பாசனத்துக்குச் செலவிடுவது வீண்' என்கிறது ஒரு வாதம். முதல் பாதி சரி. கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் 46 அடி நீர்மட்டம் கொண்ட கோமுகி அணையை நிரப்புகிறது. கச்சிராயபாளையம் பக்கத்து நெல்லும் கரும்பும் அதனால் விளைகின்றன.

இரண்டாம் பாதி தவறு. அதே மலையில், கரியாலூர்ப் பக்கத்துச் சாமையும் மரவள்ளியும் பெரும்பாலும் வானம் பார்த்தே நிற்கின்றன.

பொருளியலாளர்கள் எஸ்தர் டுஃப்லோவும் ரோகிணி பாண்டேயும் இந்திய அணைகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது: அணைக்குக் கீழுள்ள மாவட்டங்களில் விளைச்சல் கூடியது, அணை அமைந்த மாவட்டங்களில் வறுமை கூடியது.

சரிவு நிலத்துக்குப் பெரிய கால்வாய் பொருந்தாது. ஓடைகளில் தடுப்பணை, வயலோரம் பண்ணைக்குட்டை, மிளகுக்குச் சொட்டுநீர் ஆகியவை பொருந்தும். பூக்கும் பருவத்தில் ஒரு தண்ணீர் கிடைத்தாலே மானாவாரிப் பயிர் பலவேளை தப்பிவிடும். கோமுகிக் கால்வாய்களுக்கு நிதி ஒதுக்கும்போது, கரியாலூர் ஓடைகளையும் அதே திட்டத்தில் அரசு சேர்க்க வேண்டும்.