கொல்லிமலையும் செவியின் உள்நீரும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்திற்கு 1,000 மீட்டருக்கும் மேலான கொல்லிமலையை அடைகிற எவருக்கும் காது அடைத்துக்கொள்வது சகஜம்; எச்சிலை விழுங்கினால் அது திறந்துகொள்ளும் என்பதும் யாவரும் அனுபவத்தில் அறிந்ததே. அந்தப் பரிச்சயமே ஓர் அபாயத்தை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் கவலை.

செவிப்பறைக்கும் அப்பால், நத்தைக்கூட்டை ஒத்த எலும்பறைக்குள் சில துளிகளேயான ஒரு திரவம் இருக்கிறது. அதனை நடுச்செவியின் காற்றினின்று பிரித்துக் காப்பவை, அங்கவடி எலும்பு பொருந்தியிருக்கும் நீள்வட்டச் சாளரமும், மெல்லிய சவ்வினால் மூடப்பெற்ற வட்டச் சாளரமுமே. தலையில் அடிபடும்போதோ, மூச்சை அடக்கிப் பெருஞ்சுமையைத் தூக்கும்போதோ, காற்றழுத்தம் திடீரென மாறும்போதோ அங்கே ஒரு கிழிசல் உண்டாகுமானால், திரவம் கசிந்து, ஒரு காது சட்டென்று மந்தமாகி, இரைச்சலும் தலைச்சுற்றலும் உடன் தோன்றக்கூடும். இது அபூர்வமான நோய்தான்; ஆயினும், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏணியேறுவதும், பலாவையும் வாழைத்தாரையும் சரிவுகளில் சுமந்து வருவதும் ஜீவனமாக உள்ள மலையில், மரத்திலிருந்து விழுந்தவரின் கை கால்களைப் பரிசோதிக்கிறவர்கள் அவருடைய செவியையும் விசாரிக்க வேண்டாமா?

கசிவினாலாயினும் வேறு காரணத்தாலாயினும், உட்செவி பழுதுபட்டு ஓரிரு நாட்களில் செவிப்புலன் குன்றுவது அவசர சிகிச்சைக்குரியது; ஸ்டீராய்டு மருந்தை முதல் 2 வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் கிட்டும் வாய்ப்பு அதிகம். அழுக்கு அடைத்திருக்கிறது என்று எண்ணி எண்ணெய் விட்டுக் காத்திருப்பதில் அந்த நாட்களே கழிந்துபோகின்றன. அடைப்பையும் உட்செவிப் பழுதையும் பிரித்தறிய விலையுயர்ந்த யந்திரம் வேண்டியதில்லை: 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றியின் நடுவே வைத்தால், வெறும் அடைப்பாயின் ஒலி மந்தமான காதின் பக்கமாகவும், உட்செவிப் பழுதாயின் நல்ல காதின் பக்கமாகவும் ஒதுங்கிக் கேட்கும். கசிவுதானா என்பதை அது சொல்லாது. நிபுணர்களே பல சமயம் நடுச்செவியைத் திறந்து பார்த்துத்தான் அதைத் தீர்மானித்து, சிறு திசுத்துண்டினால் அடைக்கிறார்கள். ஆனால் நோயாளியை நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ அன்றே அனுப்ப வேண்டுமா என்பதற்கு இசைக்கவை வழிகாட்டும். ஆகவே செம்மேட்டிலும், மலையின் ஏனைய சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றிலும் ஓர் இசைக்கவையும், அதைக் கையாளப் பயின்ற செவிலியர் ஒருவரும் இருக்க வேண்டுமென்று சுகாதாரத் துறை விதி செய்தல் வேண்டும்.

அவ்வாறு அனுப்பும்போது, தலையை உயர்த்தி வைத்துக்கொள்ளவும், முக்காமலும் சுமை தூக்காமலும் இருக்கவும், எல்லாவற்றுக்கும் மேலாக, மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதி அடைப்பை நீக்க முயலாதிருக்கவும் சொல்லி அனுப்ப வேண்டும். ஊதுகிற விசை அந்தக் கிழிசலையே பெரிதாக்கிவிடக்கூடும்.