விலை குறைந்த கேஜ் நேர்க்கோடு போடுமா?

என் அக்காள் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். விடுமுறையில் மரவேலை பழகுகிறான். தாத்தாவுக்கு ஒரு ஸ்டூல் செய்து தருவதாக வாக்குக் கொடுத்து, மரமும் வாங்கிவிட்டான். முதல் ஸ்டூல் ஆடியது. குறுக்குச் சட்டங்களின் முனைகள் கால்களின் துளைகளில் இறுக்கமாக உட்காரவில்லை.

குற்றவாளி அவனுடைய பென்சில்தான். பென்சில் கோட்டின் தடிப்பே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இருக்கும். கோட்டின் உட்புறம் அறுப்பதா, வெளிப்புறம் அறுப்பதா? சட்டத்தின் இரண்டு முகங்களிலும் தவறான பக்கம் அறுத்துவிட்டால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிடும். அந்த இடைவெளியில்தான் தாத்தா ஆடுவார்!

"சக்கரம் வைத்த மார்க்கிங் கேஜ் வாங்கலாம் என்று இருக்கிறேன், மாமா. ஒன்று சில நூறு ரூபாய், மற்றொன்று சில ஆயிரம் ரூபாய். எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். விலை குறைந்ததையே வாங்கச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தக் கருவி ஓர் உலோகத் தண்டு. அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் ஒரு தலை. தண்டின் நுனியில் கூரிய விளிம்புள்ள ஒரு சிறு எஃகுச் சக்கரம். அவ்வளவுதான். தலையை மரத்தின் ஓரத்தில் அணைத்துப் பிடித்து இழுத்தால், ஓரத்திலிருந்து ஒரே தொலைவில் கோடு விழும். சக்கரம் என்றதும் அது உருளும் என்று எண்ணிவிடாதீர்கள். நான் சொல்லும் கேஜில் அது திருகாணியால் இறுக்கப்பட்டு அசையாமல் நிற்கும். ஓரிடம் மழுங்கினால் திருகாணியைத் தளர்த்திச் சற்றே திருப்பி, புதிய விளிம்பை மரத்தின் பக்கம் கொண்டுவரலாம்.

பள்ளிப் பட்டறைகளில் உள்ள பழைய மரக் கேஜில் சக்கரத்துக்குப் பதில் ஆணி முனை இருக்கும். மரம் என்பது வைக்கோல் கட்டைப் போல நீண்ட நார்களின் தொகுதி. அந்த நார்களுக்குக் குறுக்கே ஆணியை இழுத்தால் அது நாரைப் பிய்க்கும், சக்கரமோ அறுக்கும். சக்கரத்தின் விளிம்பு மிக மெல்லியது. ஆகவே சிறு விசைகூட மிகச் சிறிய பரப்பில் குவிந்து, அழுத்தம் பெரிதாகிவிடுகிறது. அறுத்த கோட்டில் இன்னொரு வசதியும் உண்டு. உளியின் முனை அந்தக் கீறலில் தானாகவே போய் உட்காரும். கண் தடுமாறினாலும் உளி தடுமாறாது.

சரி, கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது? கனடாவில் 1978-ஆம் ஆண்டு தொடங்கிய லீ வேலி நிறுவனத்தின் வெரிடாஸ் கேஜில், தலைக்குள் ஒரு ரப்பர் வளையம் தண்டைப் பிடித்துக்கொள்கிறது. திருகாணியைத் தளர்த்தினாலும் தலை வழுக்கி ஓடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது கைக்கு வசதி தருகிறதே தவிர, கோட்டை நேராக்குவதில்லை. சில கேஜ்களின் தண்டில் மில்லிமீட்டர் அளவுகள் பொறித்திருப்பார்கள். அதற்குத் தனியாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன். பலகையின் நடுவில் கோடு வேண்டுமா? குத்துமதிப்பாகப் பாதியில் வைத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் கோடு போடுங்கள். இரண்டு கோடுகள் தெரிந்தால், அவற்றின் இடைவெளி உங்கள் பிழையைப் போல இரு மடங்கு. அந்த இடைவெளியில் பாதி அளவு தலையை நகர்த்துங்கள். பலகை 19 மில்லிமீட்டரா, 18.7 மில்லிமீட்டரா என்ற கேள்வியே எழாது.

வாங்கும்போது மூன்றே சோதனைகள். முதலாவதாக, சக்கரத்தின் சரிந்த பக்கம் தலையை நோக்கியும், தட்டையான பக்கம் வெளியே பார்த்தும் இருக்கிறதா என்று பாருங்கள். இதுதான் மிக முக்கியம். சரிவு ஓர் ஆப்பு போல வேலை செய்து சக்கரத்தை வெளிப்புறம் தள்ளும். அதனால் தலை மரத்தின் ஓரத்தோடு இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். சரிவு மறுபுறம் இருந்தால் தலை ஓரத்தை விட்டு விலகும்; கோடு வளையும். இரண்டாவதாக, தலையை இறுக்கி ஒரு கோடு போடுங்கள். பிறகு தண்டின் நுனியைக் கட்டைவிரலால் பலமாக அழுத்திவிட்டு, அதே இடத்தில் மறுபடி கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாக விழாவிட்டால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவதாக, திருகாணியை இறுக்கும்போது தலை தன் இடத்திலிருந்து நகர்கிறதா என்று கவனியுங்கள்.

விளிம்பு மட்டும் மழுங்கலாக வந்திருந்தால் கவலை வேண்டாம். மலிவான கேஜ்களில் அது சகஜம். சக்கரத்தைக் கழற்றி, அதன் தட்டைப் பக்கத்தைத் தீட்டுக்கல்லில் படிய வைத்து, விரலால் அழுத்தித் தேயுங்கள். சரிவைத் தொடவேண்டாம். தட்டைப் பரப்பும் சரிவும் சந்திக்கும் வட்டம்தான் வெட்டும் விளிம்பு. ஒரு பரப்பைத் தேய்த்தாலே வட்டம் முழுவதும் கூராகிவிடும். விரல் பத்திரம். வேலை முடிந்ததும், தலையில் குழிவு இருந்தால் சக்கரத்தை அதற்குள் இழுத்து வையுங்கள். உருண்டைத் தண்டுள்ள கேஜ் மேசையிலிருந்து உருண்டு விழுவதில் மகா சமர்த்து!

வீட்டில் பழைய ஆணிக் கேஜ் இருந்தால், அந்த ஆணியின் முனையை அரத்தால் கத்தி போலத் தேய்த்துப் பாருங்கள். ஒருவேளை புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்காது.

அக்காள் மகனிடம் பழையது இல்லை. சில நூறு ரூபாய்க் கேஜையே வாங்கினான். முதல் இரண்டு சோதனைகளில் தேறியது. மூன்றாவதில், இறுக்கும்போது தலை ஒரு மயிரிழை நகர்ந்தது. தலையை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இறுக்கப் பழகிக்கொண்டான். கீறிய கோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று, அதற்குள் பென்சில் முனையை ஒருமுறை ஓட்டினான். இரண்டாவது ஸ்டூலின் சட்டங்களைக் கையால் தள்ளியபோது பாதி வரைதான் நுழைந்தன. மீதியைக் கொட்டாப்புளியால் தட்டி இறக்க வேண்டியிருந்தது.