நாலு ஆடு போதாது

டெக்ஸஸில் நிலம் வாங்கும் தமிழர்கள் நடுவே ஒரு யோசனை வாய்க்கு வாய் பரவிக்கொண்டே இருக்கிறது: “நாலு ஆட்டை வாங்கி விட்டுடுங்க, வரி போயிடும்.” ஃப்ரிஸ்கோவிலும் கேட்டியிலும் நடக்கும் வீட்டு விருந்துகளில் இதைக் கேட்காதவர் குறைவு. ஹூஸ்டனுக்கு மேற்கே வாலர் கவுண்டியிலோ டல்லாஸுக்குக் கிழக்கே காஃப்மன் கவுண்டியிலோ பத்து ஏக்கர் வாங்க நினைப்பவர் கிணற்றையும் வேலியையும் மின்சாரத்தையும் தீர விசாரிக்கிறார். வரி என்று வந்ததும் இந்த ஒரு யோசனையோடு திருப்தி அடைந்துவிடுகிறார். இது தவறான நம்பிக்கை. இதன் சுமையைத் தாங்குவது வேறு ஆட்கள் என்பதால்தான் இதை எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

டெக்ஸஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடம், கவுண்டி சாலை, தீயணைப்பு ஆகியவற்றுக்கான பணத்தில் பெரும்பங்கு சொத்து வரியிலிருந்துதான் வருகிறது. விவசாய நிலத்துக்கும் வரி உண்டு. ஆனால் அது நிலம் விற்கும் விலையை வைத்து விதிக்கப்படுவதில்லை, விவசாயத்தில் அந்த நிலம் ஈட்டித் தரக்கூடிய வருமானத்தை வைத்து மதிப்பிடப்படுகிறது. பத்து ஏக்கரின் சந்தை மதிப்பு 4,00,000 டாலர், வரி விகிதம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்; ஆண்டு வரி 8,000 டாலர். விவசாய மதிப்பு ஏக்கருக்கு 200 டாலர் என்றால் வரி 40 டாலர்தான். மிச்சமாகும் 7,960 டாலர் காற்றில் கரைவதில்லை. அதே ஊரில் சின்ன வீடு வைத்திருக்கும் பள்ளி ஆசிரியையும் லாரி ஓட்டுநரும் ஏதோ ஒரு வகையில் அதை ஈடுகட்டுகிறார்கள்.

அவர்கள் ஏன் ஈடுகட்ட வேண்டும்? அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. நகரங்கள் வளர வளர, ஓரத்து நிலங்களின் சந்தை விலை ஏறியது. பருத்தி போட்டவருக்கும் மாடு மேய்த்தவருக்கும் வருமானம் ஏறவில்லை, வரி மட்டும் ஏறியது. வரி கட்ட முடியாமலே நிலத்தை விற்கும் நிலை வந்தது. 1966-இல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தி, விவசாயமே முதன்மைத் தொழிலாக உள்ள தனிநபர்களுக்கு இந்த மதிப்பீட்டைத் தந்தார்கள். 1978-இல் வந்த இன்னொரு திருத்தம் கதவை அகலமாகத் திறந்தது. உடைமையாளர் என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வியே அதில் இல்லை, நிலத்தில் விவசாயம் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. கணினி முன் உட்கார்ந்து சம்பாதிக்கும் நம்மவர்களுக்கு இந்தச் சலுகை கிடைப்பதே அந்த இரண்டாம் திருத்தத்தால்தான். அவ்வளவு பெருந்தன்மையோடு எழுதிய சட்டத்தை நாலு ஆட்டைக் காட்டி ஏய்க்க நினைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சட்டம் கேட்பது தெளிவானது. நிலத்தின் முதன்மையான பயன்பாடு விவசாயமாக இருக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் வழக்கமாக எவ்வளவு தீவிரமாக விவசாயம் நடக்கிறதோ அந்த அளவுக்கு நடக்க வேண்டும். கடந்த ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகளாவது அப்படி நடந்திருக்க வேண்டும். நகர எல்லைக்குள் இருக்கும் நிலத்துக்கு நிபந்தனை இன்னும் கடுமை. “வழக்கமான தீவிரம்” எது என்பதை ஒவ்வொரு கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகமும் எழுதி வைத்திருக்கிறது. சுமார் ஆறு ஆடு சேர்ந்தால்தான் ஒரு பசுவுக்குச் சமம் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் நாலு ஆடு ஒரு மாட்டுக்குக்கூட ஈடில்லை.

போன உடைமையாளருக்கு இருந்த சலுகை பத்திரத்தோடு சேர்ந்து வந்துவிடும் என்றும் நம்புகிறார்கள். வராது. நிலம் கைமாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், ஏப்ரல் 30-க்குள். தாமதித்தால் அபராதம். வீடு கட்டினால் வீடும் அதைச் சுற்றிய மனையும் சந்தை விலைக்குத் தனியே மதிப்பிடப்படும். டிராக்டர், தீவனம் வாங்கும்போது விற்பனை வரி கட்டாமல் இருக்க மாநிலக் கணக்காயர் அலுவலகம் கொடுக்கும் எண் இதற்குச் சம்பந்தமே இல்லாதது. அது கையில் இருப்பதால் சொத்து வரி குறையாது.

சின்ன நிலத்தில் விவசாயம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை இந்த யோசனை சொல்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. கோஸ்டல் பெர்முடா புல் வளர்த்து, அறுத்து, காயவைத்து, உருளைக் கட்டாகக் கட்டுவது எளிய வழி என்பார்கள். களை அடிக்க வேண்டும், உரம் போட வேண்டும், மழை கருணை காட்ட வேண்டும். எல்லாம் கூடி வந்தாலும் அறுவடைக்காரர் வர வேண்டும். அறுக்கும் கருவி, புல்லை வரிசையாக வாரும் கருவி, கட்டும் கருவி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆறு ஏக்கருக்காக அவர் எதற்கு வருவார்? டீசல் காசுக்கே கட்டாது. பக்கத்து நிலக்காரர்களோடு சேர்ந்து முப்பது நாற்பது ஏக்கராக ஒரே நாளில் அறுக்க ஏற்பாடு செய்தவர்களுக்குத்தான் அவர் வருகிறார்.

தேனீ வளர்ப்பைச் சட்டம் 5 முதல் 20 ஏக்கர் வரையான நிலத்துக்கு ஏற்கிறது. பல கவுண்டிகளில் முதல் 5 ஏக்கருக்கு 6 பெட்டி வேண்டும். பெட்டியை வைத்துவிட்டால் தேனீ தானே பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர் ஜூலை மாதம் ஒருமுறை போய்த் திறந்து பார்க்கட்டும். ஹூஸ்டன் பக்கம் சீன டாலோ மரப் பூ ஓய்ந்தபின் தேன் வரத்து சுருங்கிவிடும், சர்க்கரைப் பாகு ஊற்ற வேண்டும். தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் வரோவா உண்ணியை எண்ணிப் பார்த்து மருந்து வைக்க வேண்டும். நெருப்பெறும்பு ஏறாமல் தாங்கியின் கால்களில் கிரீஸ் பூச வேண்டும். முடியாதவர்கள் தேனீக்காரரோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு, அவர் பெட்டிகளை வைத்துப் பராமரிக்கப் பணம் தருகிறார்கள். அது நேர்மையான வழி. தேனீ அங்கே உண்மையாகவே உயிரோடு இருக்கிறது, சுற்று வட்டாரத் தோட்டங்களில் மகரந்தம் சேர்க்கிறது.

“ஆயிரக்கணக்கில் ஏக்கர் வளைத்த மனை வியாபாரிகள் இதே சலுகையில்தான் காத்திருக்கிறார்கள், நம்மை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்பார். அவர்களில் பலர் அந்த நிலத்தை மாட்டுக்காரருக்குக் குத்தகை விட்டிருக்கிறார்கள். மாடுகள் மேய்கின்றன, கன்றுகள் விற்கப்படுகின்றன. சட்டம் கேட்டது நடக்கிறது. மனை பிரிக்கும் நாளில், முந்தைய மூன்று ஆண்டுகளில் மிச்சம் பிடித்த வரியையும் கட்ட வேண்டும். 2019-க்கு முன் அது ஐந்து ஆண்டு, வட்டியோடு. அந்தத் தளர்வு பெருமுதலாளிகளுக்கே அதிகம் உதவியது என்று கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, நானும் கோபப்படுகிறேன். அந்தக் கோபம் சட்டமன்றத்தை நோக்கிப் போகட்டும். அவர்களைக் காட்டி நாம் பொய்க் கையெழுத்துப் போட முடியாது. இந்தப் பின்வரி நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது என்பதையும் வாங்குபவர் மறக்கக்கூடாது. நம் உதாரணப் பத்து ஏக்கரை மூன்று ஆண்டுக்குப்பின் மனையாக்கினால் அது 23,880 டாலர்.

ஆகவே நிலம் பார்க்கப் போகும் முன்பே அந்தக் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தின் வழிகாட்டுக் கையேட்டை வாங்கிப் படியுங்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் அங்கே என்ன நடந்தது, யார் குத்தகைக்கு இருந்தார் என்று விற்பவரிடம் கேளுங்கள். அந்தக் குத்தகைக்காரர் தொடர்வாரா என்று அவரிடமே பேசுங்கள். ஏற்கெனவே விவசாய மதிப்பீட்டில் உள்ள நிலத்தை வனவிலங்குப் பராமரிப்புக்கு மாற்றலாம். ஆனால் சட்டம் பட்டியலிடும் ஏழு பணிகளில் மூன்றையாவது ஆண்டுதோறும் செய்து காட்ட வேண்டும், அதற்கும் உழைப்பு வேண்டும். இதில் எதற்கும் நேரமில்லை, மரமும் அமைதியும் மட்டும் போதும் என்பவர் தாராளமாக நிலம் வாங்கலாம். கையெழுத்துப் போடும் முன் அந்த 8,000 டாலரையும் ஆண்டுச் செலவில் எழுதிக்கொள்ளட்டும்.