ஒரு ஹாஸ்ய நடிகையும் மூன்று மத குருமார்களும்

ஒரு நடிகையின் சரித்திரத்தை எழுத நமது பத்திரிகையில் இடம் எதற்கு என்று வாசகர்களில் சிலர் நினைக்கலாம். சினிமாவைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் நமக்குள்ள அபிப்பிராயம் அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் நாம் இங்கு எழுதப் போவது நடிப்பைப் பற்றியல்ல. சொத்து யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் சுதந்திரமும் இருக்கும் என்பதையும், பிள்ளைப் பேறு என்கிற இயற்கைக் காரியத்திற்குக்கூட மதக்காரர்களின் அனுமதிச் சீட்டு தேடப்பட்டது என்பதையும் காட்ட அமெரிக்க நடிகை லூசில் பால் அம்மையாரின் வாழ்க்கையைவிடத் தெளிவான உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆதலால்தான் எழுதுகிறோம்.

இந்த அம்மையார் 1911ஆம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி நியூயார்க் மாகாணத்திலுள்ள ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தவர். மூன்று வயதிலேயே தகப்பனாரை விஷக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். நடிப்புக் கற்க நியூயார்க் பட்டணத்துப் பள்ளியொன்றில் சேர்ந்தபோது, இந்தப் பெண்ணுக்கு இத்தொழில் வராது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். பிறகு துணிக்கடையில் உடுப்புகளை அணிந்து காட்டும் வேலை பார்த்தார். 1933இல் ஹாலிவுட் சென்று சினிமாவில் கூட்டத்தோடு நிற்கும் பெண்களில் ஒருத்தியானார். ஆர்.கே.ஓ. என்ற பெரிய படக் கம்பெனியில் சம்பளத்திற்கு இருந்தார். பல பத்துப் படங்களில் நடித்தும் முதல் வரிசைக்கு வர முடியாமல் ஏறக்குறைய இருபது வருஷம் காலந்தள்ளினார்.

1940இல் கியூபா தேசத்திலிருந்து வந்த தேசி அர்னாஸ் என்ற வாத்தியக்காரரைத் தம் இஷ்டப்படி கலியாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை பெண்ணைவிட ஆறு வயது இளையவர். இதை ஊரார் பரிகாசம் செய்வார்களே என்று இருவரும் 1914இல் பிறந்தவர்கள் என்று கலியாணப் பத்திரத்தில் எழுதிக் கொண்டார்களாம். புருஷன் பெண்ணைவிட இருபது வயது மூத்தவனாயிருந்தால் யாரும் பத்திரத்தைத் திருத்துவதில்லை. பெண் ஆறு வயது மூத்தவளாயிருந்தால் மட்டும் கணக்கையே மாற்ற வேண்டியிருக்கிறது. நாகரிகம் மிகுந்தது என்று சொல்லிக் கொள்ளும் தேசத்தின் யோக்கியதையும் இவ்வளவுதான்.

நிற்க, ரேடியோவில் 1948 முதல் லூசில் பால் நடத்தி வந்த ஒரு குடும்ப ஹாஸ்யத்தை டெலிவிஷனுக்குக் கொண்டுவர சி.பி.எஸ். கம்பெனி விரும்பியது. தம் புருஷனே புருஷன் வேஷம் போட வேண்டும் என்று அம்மையார் கேட்டார். கம்பெனிக்காரர்கள் தயங்கினார்கள். வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கியூபாக்காரன் புருஷன் என்றால் ஜனங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள். பத்து வருஷமாக உண்மையிலேயே ஒரு வீட்டில் வாழ்கிறவர்களைப் பார்த்து, நீங்கள் பெண்ஜாதி புருஷனாக நடித்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று சொன்ன புத்திசாலித்தனத்தை என்னவென்பது! இருவரும் சண்டைபோட்டுக் கொண்டிருக்கவில்லை. 1950இல் ஊர் ஊராகப் போய் மேடையில் சேர்ந்து நடித்துக் காட்டினார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். கம்பெனி இறங்கி வந்தது. 1951ஆம் வருஷம் அக்டோபர் 15ந் தேதி 'ஐ லவ் லூசி' என்ற அந்த நாடகம் ஆரம்பமாயிற்று.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். அக்காலத்தில் இத்தகைய நாடகங்களை நியூயார்க்கிலிருந்து நேராக ஒளிபரப்புவது வழக்கம். ஹாலிவுட்டை விட்டுப் போக மாட்டோம், ஜனங்களை எதிரே உட்கார வைத்து மூன்று காமிராக்களால் பிலிமிலேயே எடுப்போம் என்று இவர்கள் சொன்னார்கள். செலவு அதிகம் என்று கம்பெனி மறுத்தது. அப்படியானால் எங்கள் சம்பளத்தில் குறைத்துக் கொள்ளுங்கள், பிலிம் எங்களுக்குச் சொந்தமாகட்டும் என்று இவர்கள் கேட்டார்கள். ஒருமுறை காட்டிய பிலிமுக்குப் பிறகு என்ன மதிப்பு என்று நினைத்துக் கம்பெனியும் சம்மதித்தது. அந்தப் பிலிம்தான் பிறகு திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. 1957இல் அதைச் சுமார் 50 லட்சம் டாலருக்குச் சி.பி.எஸ். கம்பெனியே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. அதே சமயத்தில், முன்பு அம்மையார் கூலிக்கு இருந்த ஆர்.கே.ஓ. கம்பெனியின் படப்பிடிப்பு நிலையங்களை அவரும் அவர் புருஷரும் விலைக்கு வாங்கினார்கள். கூலி கொஞ்சம் குறைந்தாலும் உடைமையை விடாதே என்பதைத் தொழிலாளர்கள் இதிலிருந்து படித்துக் கொள்ளலாம்.

அந்த நாடகத்தின் கதையை நாம் மெச்சவில்லை என்பதையும் சொல்லி விடுகிறோம். வாரந்தோறும் கதை ஒன்றுதான். லூசி என்ற பெண்ஜாதி மேடை ஏறவும் சம்பாதிக்கவும் ஆசைப்படுவாள். புருஷன் கூடாதென்பான். அவள் தந்திரம் செய்வாள், அகப்படுவாள், கடைசியில் அடுப்பங்கரைக்கே திரும்புவாள். சில கதைகளில் புருஷன் அவளைச் சிறு குழந்தையைப் போல மடியில் போட்டு அடிப்பதும் உண்டு. ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் வேடிக்கை என்னவென்றால், பெண் வெளியே வந்தால் எதற்கும் உதவமாட்டாள் என்று காட்டிய அந்த நாடகம் முழுவதும் ஒரு பெண்ணின் திறமையின் மேல்தான் நின்றது. அதை எழுதியவர்களிலும் மாடலின் பூ என்ற பெண் ஒருவர். வேஷத்தில் அடங்கினவர், நிஜத்தில் முதலாளி!

1952இல் அம்மையார் கர்ப்பமானார். உடனே கம்பெனிக்கும் விளம்பரம் கொடுத்த சிகரெட் முதலாளிக்கும் கவலை பிறந்துவிட்டது. வயிறு தெரியாமல் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தலாமா என்றுகூட யோசனை சொல்லப்பட்டது. இவர்கள் இணங்கவில்லை. நாடகத்து லூசியும் கர்ப்பமாகட்டும் என்று முடிவாயிற்று. ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லை மட்டும் உச்சரிக்கக் கூடாதென்று தடை! அதோடும் விடவில்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரி, ஒரு புராட்டஸ்டண்டு போதகர், ஒரு யூத குரு ஆகிய மூவரிடம் கதைகளைக் காட்டி, ஆபாசம் ஒன்றுமில்லை என்று ஒப்புதல் வாங்கிக் கொண்டார்கள். அவர்களும் படித்துப் பார்த்து, அடிக்க வேண்டியது எதுவுமில்லை என்று சொல்லி விட்டார்களாம்.

நாம் கேட்கிறோம்: கலியாணமான ஒரு பெண் பிள்ளை பெறப் போகிறாள் என்பதில் ஆபாசம் எங்கிருந்து வந்தது? அதை ஆபாசமா அல்லவா என்று தீர்மானிக்க இந்த மூவருக்கும் உள்ள யோக்கியதை என்ன? அவர்களில் கத்தோலிக்கப் பாதிரியோ கலியாணமே கூடாதென்று விரதம் பூண்டவர். வயிற்றில் சுமப்பவள் ஒருத்தி, அவளுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவர்கள் மூன்று ஆண்கள்! மூன்று மதங்களும் மற்ற விஷயங்களில் ஒன்றையொன்று மறுக்கும். பெண்ணின் உடம்பைக் காவல் காக்கும் உத்தியோகத்தில் மட்டும் மூன்றும் ஒரே பெஞ்சியில் உட்காருகின்றன. நமது நாட்டில் வைதிகர்கள் தீட்டு என்று சொல்லி ஒதுக்கி வைத்தார்கள், அங்கே ஆபாசம் என்று சொல்லி மறைக்கப் பார்த்தார்கள். பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றே.

பொது ஜனங்கள் என்ன சொன்னார்கள்? 1953ஆம் வருஷம் ஜனவரி 19ந் தேதி, அம்மையார் நிஜமாகவே ஆண் குழந்தை பெற்ற அதே தினத்தில், நாடகத்து லூசி ஆஸ்பத்திரிக்குப் போகும் கதை காட்டப்பட்டது. சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர்தான். ஜனங்களுக்கு இது பிடிக்காது என்று சொல்லுகிறவர்கள் எப்போதும் ஜனங்களைக் கேட்டுச் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

அதே 1953இல் வேறொரு சோதனையும் வந்தது. சமதர்ம எண்ணமுள்ள தம் பாட்டனாரின் திருப்திக்காக 1936இல் வாக்காளர் பட்டியலில் தம்மைக் கம்யூனிஸ்டு என்று பதிந்து கொண்டதற்காக அம்மையார் விசாரணைக் கமிட்டியின் முன் பதில் சொல்ல நேர்ந்தது. தப்பித்தார். தப்பித்தது நியாயத்தால் மட்டுமல்ல, அவருக்கிருந்த செல்வாக்கினாலும்தான். செல்வாக்கில்லாத எத்தனையோ பேர் அக்காலத்தில் அதே குற்றச்சாட்டினால் பிழைப்பை இழந்தார்கள்.

1960இல் விவாகரத்து ஆயிற்று. புருஷருடைய குடிப்பழக்கம் மிகுந்துவிட்டது ஒரு காரணம். கல்லானாலும் கணவன் என்று அம்மையார் காலில் விழுந்து கிடக்கவில்லை. பகைத்துத் தூற்றவுமில்லை. 1962இல் புருஷருடைய பங்குகளைச் சுமார் 25 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, தேசிலு கம்பெனிக்குத் தாமே தலைவரானார். ஹாலிவுட்டில் அவ்வளவு பெரிய கம்பெனியை அதுவரை எந்தப் பெண்ணும் அவ்விதம் நிர்வகித்ததில்லை. 'ஸ்டார் டிரெக்' முதலிய பேர்பெற்ற தொடர்கள் அவர் தலைமையில்தான் வெளிவந்தன. 1967இல் கம்பெனியைச் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றார்.

இவ்வளவு சொன்ன நாம் அவருடைய குறையை மறைத்தால் யோக்கியர்களாக மாட்டோம். இறந்துபோன கரோல் லோம்பார்டு என்ற நடிகை கனவில் வந்து சொன்னதால்தான் டெலிவிஷனில் இறங்கத் துணிந்ததாக அம்மையார் சொல்லியிருக்கிறார். அர்னாஸ் என்ற பெயரிலுள்ள 'ஏ', 'ஆர்' என்ற இரண்டெழுத்தும் தமக்கு அதிர்ஷ்டம் என்று நம்பினாராம். பிற்கால நாடகங்களில் அவர் வேஷங்களுக்குக் கார்மைக்கேல், கார்ட்டர், பார்க்கர் என்று பெயர் அமைந்ததும் அதனால்தானாம். 1986இல் அந்தப் பார்க்கர் வேஷம் போட்ட நாடகம் சில வாரங்களிலேயே நிறுத்தப்பட்டது. எழுத்து இரண்டும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன, அதிர்ஷ்டத்தைத்தான் காணோம்! சம்பளத்தை விட்டு உடைமையைப் பிடித்தது அவருடைய அறிவு. இருபது வருஷம் சலியாமல் உழைத்தது அவருடைய உடம்பு. பெருமையை மாத்திரம் கனவுக்கும் எழுத்துக்கும் கொடுத்தார். அவர் பெண் விடுதலை இயக்கத்தாரோடு சேர்ந்தவரும் அல்ல. என்றாலும் அவர் பேசியதைவிட அவர் செய்தது பெரிது.

அம்மையார் 1989ஆம் வருஷம் ஏப்ரல் 26ந் தேதி தமது 77ஆம் வயதில் காலமானார்.

ஆகவே தோழர்களே! உங்கள் பெண்ணுக்கு நகை செய்து போடுவதற்கு முன் தொழில் கற்றுக் கொடுங்கள். அவள் சம்பாதித்ததை அவள் பேரிலேயே இருக்க விடுங்கள். அவள் உடம்பைப் பற்றிய பேச்சுக்கு எந்த மதத்துக் குருவையும் கூப்பிடாதீர்கள். சகோதரிகளே! உங்களுக்குப் பட்டமும் பாராட்டும் கொடுப்பார்கள். வாங்கிக் கொள்ளுங்கள், ஆட்சேபணையில்லை. ஆனால் பத்திரம் யார் பேரில் எழுதப்படுகிறது என்பதை மட்டும் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.