மரத்தில் சூடு போடவும் சரளி வரிசை வேண்டும்

பணி ஓய்வு பெற்றவர்களுக்கென்று இப்போது ஏகப்பட்ட பயிற்சி வகுப்புகள் வந்துவிட்டன. தஞ்சாவூர் ஓவியம், பானையில் வண்ணம் தீட்டுவது என்ற வரிசையில் மரத்தில் சூடு வைத்துப் படம் வரைவதும் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பைரோகிராபி என்கிறார்கள். தீ, எழுத்து என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்த பெயர். நல்ல கலை. எட்டு மாதமாக நானும் பழகி வருகிறேன். ஆனால் நம் வயதுக்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் முறை சரியில்லை என்பது என் கருத்து.

நான் போன வகுப்பு மொத்தம் 2 மணி நேரம். ஆளுக்கு ஒரு வட்டப் பலகை, அதில் முன்பே அச்சடித்த பிள்ளையார், கையில் சூடான பேனா. "அங்கிள், கோட்டு மேலேயே போங்க, போதும்" என்றார் சொல்லிக்கொடுத்த பெண். முடிவில் 12 பேரும் 12 பிள்ளையாரைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டோம். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும் கைதட்டல் குவிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் மறுநாள் வெறும் பலகையைக் கொடுத்து ஒரே ஒரு நேர்க்கோடு போடச் சொல்லியிருந்தால், எங்களில் ஒருவருக்கும் வந்திருக்காது.

பாட்டு வகுப்பில் முதல் நாளே யாராவது கீர்த்தனை சொல்லித் தருவார்களா? சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாகத்தான் போவார்கள். எழுதப் பழகும் குழந்தைக்கும் நான்கு கோடு நோட்டு உண்டு. வயதானவர்களுக்கு மட்டும் ஏன் நேரே மங்களம்? "பாவம், பெரியவர்கள், பொழுது போகட்டும்" என்ற எண்ணம்தான் காரணம். அது அன்பாகத்தான் சொல்லப்படுகிறது. ஆனாலும் "இனி இவர்கள் கற்று என்ன ஆகப்போகிறது" என்ற இளக்காரமும் அதற்குள் இருக்கிறது.

இந்தக் கலை பொழுதுபோக்காக மட்டும் வந்ததல்ல. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் காய்ந்த சுரைக்குடுக்கையின் மேல் காய்ச்சிய இரும்பால் சித்திர வேலை செய்கிறார்கள். இங்கிலாந்தில் கணப்பு கிளறும் இரும்புக் கம்பியின் பெயரையே இந்த வேலைக்கும் வைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாக்கெலின் என்ற பிரெஞ்சு மருத்துவர், சதையைச் சுட்டு ரத்தக்கசிவை நிறுத்த ஒரு கருவி செய்தார். ஆவி எரிந்து அதன் பிளாட்டினம் முனையைச் சூடாகவே வைத்திருக்கும். அந்த ஏற்பாடு மரத்தில் வரைபவர்களின் கைக்கும் வந்து சேர்ந்தது. இன்று அந்த இடத்தில் மின்சாரப் பேனா இருக்கிறது.

சரி, இதில் சரளி வரிசை எது? வெறும் கோடுதான். முதலில் மரத்தின் நார் ஓடும் திசையில் கோடு, பிறகு நாருக்குக் குறுக்கே கோடு, அப்புறம் வளைவு, புள்ளி, கடைசியில் நிழல். நார் போகும் திசையில் பேனா வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே போனால் கடினமான நாரில் தட்டித் துள்ளும். இது கைக்குத் தெரிய வேண்டுமே தவிர, காதால் கேட்டுத் தெரிந்துகொள்வதல்ல.

அழுத்தினால் கோடு கருக்காது. சூடும் நேரமும்தான் கருக்கவைக்கும். பென்சிலும் பால்பாயிண்ட் பேனாவும் பிடித்துப் பழகிய நம் கைக்கு இதை ஏற்பது கஷ்டம். பேனாவை வைத்துவிட்டு நகர்த்தினால் தொடங்கிய இடத்தில் கரும்புள்ளி விழும். விமானம் தரையிறங்குவதுபோல, ஓடிக்கொண்டிருக்கும்போதே மரத்தைத் தொட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே எடுத்துவிட வேண்டும். மேலும், இதற்கு அழிரப்பர் கிடையாது. லேசான கறையானால் பிளேடால் சுரண்டலாம், அவ்வளவுதான்.

கருவியில் இரண்டு வகை உண்டு. ஒன்று சால்டரிங் அயர்ன் மாதிரி, பித்தளை முனையோடு இருக்கும். விலை குறைவு, சூடேறச் சில நிமிடம் ஆகும். மற்றது மெல்லிய கம்பி முனையும் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகும் கொண்டது. விலை அதிகம். பழக முதல் வகையே போதும். ஆனால் விரல் நடுக்கம் உள்ளவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. அதில் பிடிக்கும் இடம் முனைக்கு அருகில் இருப்பதால் கை கட்டுப்படும். வீட்டில் கிடக்கும் பழைய சால்டரிங் அயர்னை இதற்கு எடுக்க வேண்டாம். முனையில் ஈயம் ஒட்டியிருக்கும்.

மர விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெட்பாலை, குமிழ் போன்ற வெளிர்நிற மரங்கள் நல்லவை. தச்சுப் பட்டறையில் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். பெயின்ட், வார்னிஷ் அடித்த பலகையில் சூடு வைக்கவே கூடாது. தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப். பலகையும் வேண்டாம், அந்தப் பசை எரிந்தால் கெட்ட புகை வரும். வெளிநாட்டிலிருந்து சரக்கு வந்த பெட்டிப் பலகையில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு போட்டது, தொட வேண்டாம்.

நல்ல மரத்திலிருந்தும் புகை வரும். ஜன்னலைத் திறந்து, புகையை வெளியே இழுக்கும்படி மின்விசிறி வையுங்கள். காற்று நேராக முனையில் பட்டால் சூடு குறைந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சர்க்கரை நோயால் விரல் மரத்துப்போனவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. முனையின் சூடு 300, 400 டிகிரி செல்சியஸ் வரை போகும். சுட்டது தெரியாமலே போய்விடலாம். நான் போன வகுப்பில் இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அறையில் ஏ.சி. ஓடியது, ஜன்னல்கள் மூடியிருந்தன. பிள்ளையாரை மட்டும் முடித்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்தால், சொல்லவேண்டியதெல்லாம் விட்டுப்போகத்தான் செய்யும்.

"இந்த வயதில் மாதக்கணக்கில் கோடு போட யாருக்குப் பொறுமை?" என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது. வேலைக்குப் போன காலத்தில் நேரம் இல்லை. இப்போது காலை 10 மணி முதல் 11 மணி வரை நம்மை யாரும் கேட்பதில்லை. அவசரமில்லாமல் ஒன்றைக் கற்க இதைவிட நல்ல காலம் வாய்க்காது. முதலில் நாருக்குக் குறுக்கே துள்ளிய என் கோடு, மூன்றாம் மாதம் துள்ளாமல் போனது. அதற்கு வாட்ஸ்அப்பில் கைதட்டல் வராது. எனக்கு மட்டும் தெரியும், அது போதுமாக இருந்தது.

ஆகவே நண்பர்களே, கற்க ஆசைப்பட்டால் வகுப்பில் சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். "வெறும் பலகையில் எத்தனை நாள் பழகத் தருவீர்கள்?" பதில் சொல்லத் தயங்கினால் அந்தப் பணத்துக்கு ஒரு பேனாவும் நாலு மரத்துண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கோடு மட்டும் போடுங்கள். பேரப்பிள்ளைகள் "இன்னிக்கு என்ன தாத்தா செஞ்சீங்க?" என்று கேட்டால், "கோடு போட்டேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அவர்களும் அப்படித்தானே எழுதப் பழகுகிறார்கள்.